அப்பாவின் சி.ஆர். கொப்பிகள்

அப்பா இறந்து எட்டுச் செலவுச் சடங்கு முடிந்த மறுநாள் தம்பி ரொறொன்ரோவுக்குத் திரும்பினான். கட்டுநாயக்காவுக்குப் போகும் வழியில் வானுக்குள் வைத்துச் சொன்னான்: "அக்கா, 31ஆம் நாளுக்கு நினைவு மலர் அடிக்க வேணும். தேவாரம், திருவாசகம் எல்லாம் அச்சகத்தில இருக்கும். அப்பாவைப் பற்றி ரெண்டு பக்கம் மட்டும் நீங்கள் எழுதித் தாங்கோ."

இரண்டு பக்கம்தானே என்று தலையாட்டினேன். அன்று இரவு மேசையில் இருந்து எழுதியது இப்படி வந்தது: 'மானிப்பாயில் 1934ஆம் ஆண்டு பிறந்து, கொழும்பு வெள்ளவத்தையை வதிவிடமாகக் கொண்டு, அன்புக் கணவராகவும் பாசமிகு தந்தையாகவும்...' அதோடு பேனாவை வைத்துவிட்டேன். பெயரை மட்டும் மாற்றினால் எந்த வீட்டு மலரிலும் இந்தப் பக்கத்தைப் போடலாம். 90 வருடம் வாழ்ந்தவர், 35 வருடம் மின்சாரத்தோடு வேலை செய்த பொறியியலாளர், கடைசி 18 வருடம் என்னோடு ஒரே வீட்டில் இருந்தவர். அவரைப் பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதானா என்று பயமாக இருந்தது.

பிறகு எழுதினேன். எதை வைத்து எழுத முடிந்தது, எதைத் தவறவிட்டேன் என்பதைத்தான் இங்கே சொல்ல வருகிறேன். வயதான அப்பாவோ அம்மாவோ இன்னும் வீட்டில் இருக்கிறவர்களுக்கு இதில் சிலது பயன்படும்.

முதலில் நான் செய்த பிழை. அவருடைய 84ஆவது பிறந்தநாளன்று பல்கனிக் கதிரையில் அவரை இருத்தி, தொலைபேசியில் ஒலிப்பதிவைப் போட்டு, "அப்பா, உங்கட வாழ்க்கையைச் சொல்லுங்கோ" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தார். "என்னத்தைச் சொல்ல? பிறந்தன், படிச்சன், வேலை செய்தன், நீங்கள் பிறந்தியள்" என்றார். அடுத்து, "பிள்ளை, தேத்தண்ணி ஒண்டு போடுறியே?" என்றார். அந்தப் பதிவு ஒரு நிமிடம்கூட இல்லை. அப்பா கதைக்க விரும்பாதவர் என்று முடிவுகட்டி, ஒன்றரை வருடம் நான் திரும்பக் கேட்கவே இல்லை.

அந்த ஒன்றரை வருடத்தை நினைத்தால் இப்போதும் நெஞ்சுக்குள் என்னவோ செய்கிறது.

அவரைக் கதைக்க வைத்தது குசினியில் இருந்த ஒரு ப்ளக் பொயின்ற். கேத்தலைப் போட்டால் கருகின மணம் வந்தது. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத்து ஒழுங்கைகளில் இருக்கிறவர்களுக்கு இது தெரிந்திருக்கும். உப்புக் காற்று ப்ளக்கின் உள்ளே போய், வயரை இறுக்கிப் பிடிக்கிற ஆணிகளை அரித்துவிடும். பிடி தளர்ந்த இடம் சூடாகும், சூட்டில் இன்னும் தளரும். அப்பாவால் அப்போது குந்தி இருக்க முடியாது. பக்கத்தில் கதிரை போட்டு இருந்துகொண்டு எனக்குச் சொல்லித் தந்தார்.

"முதல்ல மெயினை நிப்பாட்டு."

"நிப்பாட்டியாச்சு அப்பா."

"நிப்பாட்டினாப் பிறகும் டெஸ்டரை வச்சுப் பார். அதுக்கு முதல் டெஸ்டர் வேலை செய்யுதோ எண்டு பார்த்தனியே?"

இல்லை. திரும்ப மெயினைப் போட்டு, கரண்ட் உள்ள இடத்தில் டெஸ்டரை வைத்து அது எரிகிறதா என்று பார்த்து, மெயினை நிறுத்தி, வேலை செய்யப்போகிற இடத்தில் வைத்து அது எரியவில்லை என்று பார்த்த பிறகுதான் ஆணியில் கைவைக்க விட்டார். அதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. ஆனால் ஸ்குரூ டிரைவர் சுழலத் தொடங்கியதும் அவரும் தொடங்கிவிட்டார். "லக்சபானவிலயும் இப்பிடித்தான், மழைக்காலத்தில..." என்று ஆரம்பித்த மலைநாட்டு நீர்மின் நிலையத்துக் கதை இரண்டு மணித்தியாலம் போனது. நான் ஒலிப்பதிவு போடவில்லை. போட வேண்டும் என்ற நினைப்பே வரவில்லை.

அன்றைக்குத்தான் பிடிபட்டது. வாழ்க்கையைச் சொல் என்றால் அவருக்கு ஒன்றும் வராது, ஒரு பொருளையோ வேலையையோ முன்னால் வைத்தால் எல்லாம் வரும். அதற்குப் பிறகு நான் வேலைகளைத் தேடிப் பிடித்தேன். மின்விசிறியின் ரெகுலேட்டரைக் கழற்றினேன். அலுமாரியின் அடி லாச்சியில் இருந்த அவருடைய ஸ்லைட் ரூலை எடுத்து வந்து, பெருக்கல் எப்படிச் செய்வது என்று கேட்டேன். அந்த ஸ்லைட் ரூலிலிருந்து கொழும்பில் அவர் படித்த காலம் முழுவதும் வெளியே வந்தது. இலங்கைப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் 1950இல் கொழும்பில்தான் தொடங்கியது, பேராதனைக்குப் போனது 1964இல். அப்பா கொழும்புக் காலத்து மாணவர். 1958இல் பட்டம் பெற்று அரசாங்க மின்சாரத் திணைக்களத்தில் சேர்ந்தார். இன்றைய மின்சார சபை 1969 நவம்பர் 1ஆம் தேதி வரும்வரை அந்தத் திணைக்களம்தான் எல்லாம்.

உங்கள் வீட்டில் இருப்பவர் பொறியியலாளராக இருக்க வேண்டியதில்லை. தையல் மெஷின், அம்மி, பழைய கணக்குப் புத்தகம், எதுவும் போதும். "அந்தக் காலம் எப்படி இருந்தது" என்று கேட்காதீர்கள். "இதை எங்கே வாங்கினீங்கள்", "இதை முதல் ஆர் பழக்கினது" என்று கேளுங்கள். கேட்கும்போது உங்கள் கையும் ஏதாவது செய்துகொண்டிருக்கட்டும். முகத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டால் அவர்களுக்குக் கூச்சமாக இருக்கிறது.

காது விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். 80 தாண்டிய பிறகு வீட்டில் நாலு பேர் கூடினால் அப்பா அமைதியாகிவிடுவார். 'வயசு போக ஒதுங்குகிறார்' என்று நினைத்தோம். சத்தம் கூடின இடத்தில் அவருக்கு ஒன்றும் பிரித்துக் கேட்கவில்லை என்பதும், திரும்பத் திரும்பக் கேட்க வெட்கப்பட்டு அவர் பேசாமல் இருந்தார் என்பதும் காது பரிசோதித்த பிறகுதான் தெரிந்தது. அவர் இடது பக்கம் இருந்து, மின்விசிறியை நிறுத்திவிட்டு, முகம் தெரியக் கதைத்தால் பழைய அப்பாவாகவே இருந்தார்.

லக்சபான என்ற பெயரை அவர் மானிப்பாய் என்று சொல்வது மாதிரியே சொல்வார். களனி கங்கையின் மேல் கிளைகளில் மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918இலேயே கட்டுரை படித்தார், ஆனால் லக்சபானவில் முதல் கட்டம் ஓடியது 1950இல். 32 வருடம். அதற்கு மூன்று வருடத்தில் அவர் இறந்துவிட்டார். இதைச் சொல்லும்போது அப்பாவின் குரல் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தாழும். 1965இல் நோர்ட்டன் பிரிட்ஜில் தொடங்கிய 50 மெகாவற் நிலையத்துக்கு அவருடைய பெயரையே வைத்தார்கள். அப்பா இளம் பொறியியலாளராக அந்தப் பக்கத்தில் வேலை செய்தவர். அம்மாவைக் கலியாணம் செய்து கூட்டிக்கொண்டு போனது அங்கே இருந்த குவார்ட்டஸுக்கு. நானும் அங்கே வளர்ந்துதான் ஏழு வயதில் வெள்ளவத்தைக்கு வந்தேன். குளிரில் துணி காயாமல் அம்மா பட்ட பாட்டை அம்மா சொல்வா. அப்பா அதற்கு என்ன செய்தார் என்பதை அவர் சொல்லவில்லை, அம்மாதான் சொன்னா. ஒரு மரப் பெட்டிக்குள் இரண்டு பல்பைப் பூட்டி, என்னுடைய துணியைக் காயவைக்க ஒரு பெட்டி செய்து கொடுத்தாராம்.

நல்ல வறட்சி வந்தால் மவுசாக்கலை நீர்த்தேக்கத்தில் தண்ணீர் இறங்கி, உள்ளே மூழ்கின பழைய மஸ்கெலியாவின் கோயில் வெளியே தெரியும். ஒருமுறை எங்களை அங்கே கூட்டிப்போய்க் காட்டினார். நாங்கள் வேடிக்கை பார்த்தோம். அப்பா செருப்பைக் கழற்றிவிட்டுக் காய்ந்த சேற்றில் நின்று கும்பிட்டார். "எங்கட வீட்டில லைட் எரியுறதுக்கு இந்தச் சனம் ஊரைக் குடுத்திருக்குது" என்றார். வேறு விளக்கம் தரவில்லை.

இனிக் கொப்பிகள். அப்பா வருடத்துக்கு ஒரு சி.ஆர். கொப்பி, அதாவது தடித்த மட்டை போட்ட கோட்டுக் கொப்பி, வைத்திருந்தார். மின் நிலையத்தில் மணிக்கு மணி வாசிப்புகளை எழுதுகிற பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. கரண்ட் மீட்டர் இலக்கம், காஸ் சிலிண்டர் மாற்றிய தேதி, தண்ணீர்த் தாங்கி கழுவியது, என்னுடைய பரீட்சைப் புள்ளி, தம்பியின் காய்ச்சல், எல்லாம் ஒரே பேனாவால், ஒரே அளவான எழுத்தில். நினைவு மலருக்காக அவற்றை எல்லாம் தரையில் பரப்பிப் பார்த்தபோது முதல் கொப்பி 1983 செப்டெம்பரில்தான் தொடங்குகிறது. அதற்கு முந்தியவை ஜூலைக் கலவரத்தில் வீட்டோடு எரிந்துவிட்டன.

1983 பற்றி மலரில் எழுதலாமா என்று தம்பிக்கும் எனக்கும் தொலைபேசியில் வாக்குவாதம். எழுதினேன், நாலு வரி. பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பம் எங்களை இரண்டு இரவு தங்கள் பின் அறையில் வைத்திருந்ததும், பிறகு பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரியில் அகதிகளாக இருந்ததும், அம்மாவும் நாங்களும் கப்பலில் காங்கேசன்துறைக்குப் போனதும். அப்பா வரவில்லை. கொழும்பிலேயே நின்று வேலைக்குப் போனார். அந்தக் கொப்பியின் முதல் பதிவு: 'வயர் எல்லாம் போயிட்டுது. சுவர் நல்லம். ஒரு அறைக்கு லைன் இழுத்தாச்சு.' அவருடைய நண்பர்கள் பலர் அந்த வருடம் வெளிநாடு போனார்கள். அவர் ஏன் போகவில்லை என்று நான் நேராகக் கேட்டதில்லை. அந்த வரியைப் படித்தபோது பதில் அதிலேயே இருக்கிற மாதிரி எனக்குப் பட்டது. சுவர் நல்லம் என்று பார்த்திருக்கிறார்.

கொப்பிகளில் இன்னொரு இடைவெளியும் உண்டு. அதைச் சொல்ல அம்மாவின் நோயைச் சொல்ல வேண்டும். 2011இல் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. நாலு வருடம் படுக்கையும் கதிரையும்தான். அப்போது அப்பாவுக்கு வயது 77. இரவில் ஆள் வைக்கலாம் என்றோம், கேட்கவில்லை. கட்டிலின் உயரத்தை அளந்து, கால்களுக்கு அடியில் மரக்கட்டை வைத்து உயர்த்தினார். இருக்கை முழங்காலுக்குச் சற்று மேலே இருந்தால் எழும்புவது சுலபம் என்று அம்மாவின் முழங்காலை அளந்துதான் கதிரையும் செய்வித்தார். பற்றரியில் ஓடுகிற ஒரு மணியின் சுவிட்சை அம்மாவின் நல்ல கைப்பக்கம் கட்டி, மணியைத் தன் தலைமாட்டில் வைத்தார். வீட்டில் நோயாளி இருக்கிற எல்லோருக்கும் அந்த மணியைச் சொல்வேன். கூப்பிட்டால் கேட்குமோ என்ற பயம்தான் அம்மாவை இரவில் நித்திரை கொள்ளவிடாமல் வைத்திருந்தது. மணி வந்த பிறகு அவ அதை அடித்ததே குறைவு.

கொப்பியில் அந்த நாலு வருடமும் அம்மா 'அவ' என்றுதான் வருகிறா. 'காலை சீனி 142. அவ ஒரு இட்டலி. தண்ணி 4 கிளாஸ்.' 'மருந்து மாத்தினது. அவவுக்குத் தலைச்சுத்து. டொக்டருக்குச் சொல்ல வேணும்.' மருத்துவரிடம் போகும்போது அந்தக் கொப்பியைக் கையில் கொண்டுபோவார். என்ன நடந்தது என்று கேட்டால் நாங்கள் 'ரெண்டு மூண்டு நாளாச் சாப்பாடு குறைவு' என்போம். அப்பா தேதியும் அளவும் சொல்வார். ஒருமுறை இரத்த அழுத்த மாத்திரையின் அளவைக் குறைத்தது அந்தப் பதிவை வைத்துத்தான். இடையில் இப்படியும் ஒன்று: 'பின்னேரம் மழை. அவ சிரிச்சவ.' ஏன் சிரித்தா என்று எழுதவில்லை.

2015இல் அம்மா போனா. அதன்பிறகு ஏழு மாதம் கொப்பியில் ஒன்றுமே இல்லை.

வீட்டில் ட்ரிப் சுவிட்ச் என்று சொல்கிற கருவியில் 'ரி' என்று எழுதிய சின்ன பொத்தான் ஒன்று உண்டு. அதை அமத்தினால் சுவிட்ச் விழ வேண்டும். கரண்ட் ஒழுகினால், அதாவது ஆள் மேலாக நிலத்துக்குப் போகத் தொடங்கினால், கண் மூடித் திறப்பதற்குள் விழுந்து உயிரைக் காக்கிற கருவி. வீடுகளில் போடுவது 30 மில்லி அம்பியருக்கே விழுவது. ஆனால் அது அசையாமலே கிடந்தால் உள்ளே இறுகிவிடக்கூடும். அதனால் ஒவ்வொரு மாதமும் 1ஆம் தேதி அப்பா அந்தப் பொத்தானை அமத்தி, 'ட்ரிப் பார்த்தது, சரி' என்று எழுதுவார். அம்மா போய் ஏழு மாதம் கழித்து ஒரு காலை எழும்பி வந்து அமத்தினார். விழவில்லை. திரும்ப அமத்தினார். விழவில்லை. சுவரில் கைவைத்தபடி கனநேரம் நின்றார். அன்றே புதிது வாங்கிப் பூட்டினோம். அன்றைய பதிவோடு கொப்பி திரும்பத் தொடங்குகிறது. இதை வாசிக்கிறவர்கள் தங்கள் வீட்டுப் பொத்தானை ஒருமுறை அமத்திப் பார்க்க வேண்டும் என்று கேட்கிறேன். ஃப்ரிட்ஜில் பெரிதாக ஒன்றும் கெடாது, மணிக்கூட்டைத் திரும்பச் சரிசெய்ய வேண்டிவரும், அவ்வளவுதான்.

ஒலிப்பதிவு எனக்குக் கிடைத்தது 2022இல். எரிபொருள் இல்லாமல் மின் நிலையங்கள் நின்று, மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டிய காலம். பகுதிகளை எழுத்து எழுத்தாகப் பிரித்துத்தான் வெட்டினார்கள். எங்கள் பகுதிக்கு எந்த எழுத்து, எத்தனை மணிக்கு என்று பார்ப்பதே நாளின் முதல் வேலை. அந்த இருட்டில் பல்கனியில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். விசிறி இல்லை, ரீவி இல்லை, கீழே வாகனமும் குறைவு. அப்பாவுக்கு நன்றாகக் கேட்டது. தானாகவே கதைத்தார். நாடு முழுவதும் கரண்ட் நின்றால் எப்படித் திரும்பக் கொண்டுவருவார்கள் என்று ஒருநாள் கேட்டேன். "கரண்ட் எடுக்கிறதுக்கும் கரண்ட் வேணும் பிள்ளை. பெரிய நிலக்கரி நிலையத்துக்குப் பம்ப் ஓட வேணும், காற்று ஊத வேணும். எல்லாம் நிண்டா முதல்ல எழும்புறது தண்ணிதான். கதவைத் திறந்துவிட்டாச் சுழலும். அதில இருந்துதான் ஒவ்வொண்டா மற்றதை எழுப்புறது." அப்படி எழுப்பின ஒரு இரவைப் பற்றி முக்கால் மணித்தியாலம் சொன்னது இப்போது என்னிடம் அவர் குரலிலேயே இருக்கிறது.

பதிவு செய்பவர்களுக்கு: தொலைபேசியை அவர்களுடைய மடிப்பக்கம் வையுங்கள், உங்கள் பக்கம் வேண்டாம். உங்கள் குரல் சத்தமாகவும் அவர்கள் குரல் கிணற்றுக்குள் இருந்தும் வந்தால் பிறகு கேட்க முடியாது. ஒவ்வொரு பதிவுக்கும் அன்றைக்கே தேதியும் விஷயமும் பெயராகப் போடுங்கள். என்னிடம் 60க்கு மேல் இருக்கின்றன, முதல் 20இல் எது என்னவென்று தெரியாமல் எல்லாவற்றையும் திரும்பக் கேட்க வேண்டி வந்தது. பழைய படங்களின் பின்னால் ஆட்களின் பெயரைப் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை மறுபக்கம் ஊறும்.

அதே மார்ச் மாதத்தில்தான் அப்பாவை நான் கோபத்தில் பார்த்தேன். என் வாழ்நாளில் அந்த ஒரு தடவைதான்.

1983க்குப் பிறகு திருத்தின எங்கள் பழைய வீட்டை 2004இல் இடித்து, நிலத்தைக் கொடுத்து இரண்டு பிளாட் வாங்கினோம். வெள்ளவத்தையில் பலரும் செய்ததுதான். நாங்கள் இருப்பது மூன்றாம் மாடி. கீழ் மாடியில் ஒரு குடும்பம் எங்கிருந்தோ சின்ன ஜெனரேட்டர் ஒன்றும் கொஞ்சப் பெற்றோலும் தேடி எடுத்திருந்தார்கள். சத்தம் கேட்டது. "ஜெனரேட்டரை எப்பிடிப் பூட்டியிருக்கினம்?" என்று அப்பா கேட்டார். அவர்களுடைய பையன் பெருமையாகச் சொன்னதை நான் அப்படியே சொன்னேன்: வயரின் இரண்டு முனையிலும் ஆண் ப்ளக் பூட்டி, ஒன்றை ஜெனரேட்டரிலும் மற்றதைச் சுவர் ப்ளக்கிலும் செருகியிருக்கிறார்கள், வீடு முழுக்க லைட் எரிகிறது.

88 வயது மனிதர் கதிரையிலிருந்து எழும்பியது எனக்குத் தெரியும், அடுத்துப் பார்த்தபோது ரோச்சும் கையுமாகக் கதவுக்கு வெளியே நிற்கிறார். லிஃப்ட் இல்லை. இருட்டில் படி இறங்கினார். நான் பின்னால் ஓடினேன். கதவைத் திறந்தவரிடம், "தம்பி, அந்த வயரை இப்பவே கழட்டுங்கோ. இப்பவே" என்றார். குரல் நடுங்கியது. கழற்றும்வரை வாசலில் சாரத்தோடு நின்றார். நான் அந்தக் குடும்பத்திடம், "வயசு போன ஆள், குறை நினைக்காதையுங்கோ" என்று மன்னிப்புக் கேட்டேன். படியேறும்போது அப்பா சொன்னார்: "நீ அவையிட்ட மன்னிப்புக் கேட்டிருக்கத் தேவையில்லை." அதற்குமேல் அன்று ஒன்றும் கதைக்கவில்லை. சாப்பிடவும் இல்லை.

அடுத்த நாள் காரணத்தைப் பாடம் மாதிரி விளக்கினார். அப்படிச் செருகினால் வீட்டு ஜெனரேட்டரின் கரண்ட் மீட்டர் வழியாகத் தெருவுக்குப் போகும். தெரு ட்ரான்ஸ்போமர் உயர் மின்னழுத்தத்தைக் குறைத்து வீட்டுக்குத் தருகிறது. மறுபக்கத்தால் 230 வோல்ற் போனால் அதையே ஆயிரக்கணக்கான வோல்ற்றாக ஏற்றி லைனுக்கு அனுப்பும். கரண்ட் இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறி நிற்கிறவனுக்கு அது தெரியாது. ஜெனரேட்டர் வேண்டுமானால் மாற்று சுவிட்ச் பூட்ட வேண்டும். ஒரு நேரத்தில் தெருக் கரண்டோ ஜெனரேட்டரோ ஒன்று மட்டும் வீட்டுக்குள் வருகிற மாதிரி அது வைத்திருக்கும். கீழ் மாடிக்காரர் இரண்டு வாரத்தில் பூட்டினார், அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டவும் செய்தார். எனக்கு விளக்கம் விளங்கியது. அந்த நடுக்கம் விளங்கவில்லை.

அப்பா 2024இல், ஒரு விடியப்புறம், வீட்டிலேயே போனார். அவருடைய மேசை லாச்சியில் 'நான் போன பிறகு' என்று எழுதிய பைல் ஒன்று இருந்தது. முதல் தாளில் யாருக்கு முதலில் சொல்ல வேண்டும், வழக்கமான மருத்துவரின் இலக்கம், கிராம சேவகரின் இலக்கம். வீட்டில் நடந்த மரணத்துக்கு மருத்துவரின் கடிதமும் கிராம சேவகரின் அறிக்கையும் எடுத்துக்கொண்டு பதிவாளரிடம் போக வேண்டும் என்று ஒழுங்காக எழுதியிருந்தார். இறப்புச் சான்றிதழில் கூடுதலாகப் பிரதிகள் எடுக்கும்படியும் அதில் இருந்தது. ஆறு எடுத்தோம், ஆறும் தேவைப்பட்டன.

அந்தப் பைலில் மிகவும் உதவியது ஒரு சத்தியக் கடதாசி. பிறப்புச் சான்றிதழில் அவருடைய பெயர் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் இன்னொரு மாதிரி, காணி உறுதியில் அவருடைய தகப்பனின் பெயரோடு சேர்த்து வேறு மாதிரி. தமிழ்ப் பெயர் மூன்று மொழிக்குள்ளும் போய்த் திரும்பும்போது எங்கள் எல்லோருக்கும் இது நடக்கிறது. இந்த மூன்று பெயரும் ஒரே ஆள்தான் என்று உயிரோடு இருக்கும்போதே சத்தியம் செய்து கையெழுத்து வைத்திருந்தார். என் சிநேகிதி ஒருத்தி இது இல்லாமல் தன் அப்பாவின் காணிக்காக இரண்டு வருடம் அலைந்தவ. பெற்றோருடைய எல்லாத் தாள்களிலும் பெயரை எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பாருங்கள். அவர்களால் கையெழுத்து வைக்க முடிகிற காலத்திலேயே பாருங்கள்.

பொரளைக் கனத்தையில் எரித்தோம். பேரப்பிள்ளைகள் பந்தம் பிடித்தார்கள்.

பிறகுதான் அந்த மலர் வேலை. எனக்குப் புரியாத ஒன்று கொப்பிகளில் இருந்தது. ஒவ்வொரு கொப்பியின் முதல் பக்கத்திலும், மேலே வலது மூலையில், பிள்ளையார் சுழிக்குப் பக்கத்தில், '19.8.63' என்று இருந்தது. 1983இல் எரிந்தவற்றுக்குப் பிறகு தொடங்கின கொப்பியிலும் இருந்தது, கடைசிக் கொப்பியிலும் இருந்தது. அம்மாவின் பிறந்தநாள் அல்ல. கலியாண நாளும் அல்ல, அது 1964. வேலையில் நிரந்தரமான நாளாக இருக்கலாம் என்றான் தம்பி. அதை நம்பி நானும் விட்டுவிட்டேன். மலரில் கொப்பிகளைப் பற்றித்தான் எழுதினேன், பழைய பதிவுகளை அப்படியே எடுத்துப் போட்டேன். வாசித்த சொந்தக்காரர்கள் நன்றாக இருக்கிறது என்றார்கள்.

அப்பாவின் தொலைபேசிப் புத்தகத்தில் இருந்த எல்லா இலக்கத்துக்கும் நான் எடுத்துப் பார்த்தேன். பாதி வேலை செய்யவில்லை, சில வீடுகளில் ஆள் இல்லை என்றார்கள். கினிகத்தேனையில் ஒரு வீட்டில் பேரன் எடுத்தான். 31ஆம் நாள் அந்தப் பேரனோடு ஒரு பெரியவர் பஸ்ஸில் வந்து இறங்கினார். 81 வயது, வெள்ளைச் சேர்ட், சாரம். ஒருகாலத்தில் லைன்மேன். அப்பாவுக்குச் சிங்களம் பழக்கினதே தானும் மற்ற லைன்மேன்மாரும்தான் என்றார். 1956 தனிச் சிங்களச் சட்டத்துக்குப் பிறகு உத்தியோகத்தில் இருக்கச் சிங்களப் பரீட்சை எழுத வேண்டியிருந்தது என்பது எனக்குத் தெரியும், அதை அப்பா யாரிடம் படித்தார் என்பது தெரியாது. அவரோடு நான் சிங்களத்தில்தான் கதைத்தேன்.

படையல் முடிந்து எல்லோரும் சாப்பிடும்போது அவருக்குக் கொப்பிகளைக் காட்டினேன். ஒன்றைத் திறந்ததும் மூலையில் இருந்த இலக்கத்தில் விரலை வைத்தார். வாசிக்கக் கண்ணாடி தேவைப்படவில்லை.

அன்று ஒரு லைனில் வேலை. நிறுத்தியாயிற்று என்று தகவல் வந்தது. நிறுத்தியும் இருந்தார்கள். "நிறுத்தியாச்சு, ஏறலாம்" என்று கீழே நின்று சொன்னவர் அப்பா. 29 வயது. பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில், கரண்ட் இல்லையே என்று தங்கள் எஞ்சினை ஓட்டியிருக்கிறார்கள். அது பின்பக்கத்தால் லைனுக்கு வந்துவிட்டது. மேலே இருந்தவனுக்கு 24 வயது. கலியாணம் பேசியிருந்தார்கள். பெரியவர் அவனுக்கு ஏணி பிடித்தவர்.

"அதுக்குப் பிறகு சேர் ஒருத்தரையும் சும்மா ஏறவிட்டதில்லை. நிறுத்தினாலும் தானே வந்து பார்ப்பார். லைனை எர்த் பண்ணி நிலத்தோட கட்டினபிறகுதான் ஏற விடுவார். மழையில நாங்கள் ஏசுவோம், நேரம் போகுது எண்டு. நிண்டு பார்த்துப்போட்டுத்தான் போவார்." இவ்வளவும் சொல்லிவிட்டு அவர் வடையை எடுத்துச் சாப்பிடத் தொடங்கினார். நான் அந்தப் பையனின் பெயரைக் கேட்டேன். சொன்னார். எழுத்துக்கூட்டியும் சொல்லச் சொன்னேன்.

மலர் 300 பிரதி அச்சாகி, கையில் கையில் கொடுத்து முடிந்துவிட்டது. அதில் இது இல்லை. அந்தத் தொலைபேசிப் புத்தகத்தை நான் அப்பா இருக்கும்போதே எடுத்திருக்கலாம், அந்தப் பெரியவரைக் கூட்டிவந்து அப்பாவுக்குப் பக்கத்தில் இருத்தியிருக்கலாம். உங்கள் வீட்டில் இருக்கிறவரோடு வேலை செய்தவர்கள் யாராவது இன்னும் இருந்தால், இந்த வாரமே எடுங்கள்.

புது வருடத்துக்கு ஒரு சி.ஆர். கொப்பி வாங்கினேன். முதல் பக்கத்தின் வலது மூலையில் 19.8.63 என்று எழுதினேன், அதற்குக் கீழே, அப்பா ஒரு கொப்பியிலும் எழுதாத அந்தப் பெயரை. பிறகு மீட்டரைப் பார்த்து இலக்கத்தைக் குறித்துவிட்டு, ட்ரிப் சுவிட்சின் பொத்தானை அமத்தினேன். விழுந்தது.